பதினோராயிரம் காலடிகள்

கண்விழித்த திலகவதியிடம் டாக்டர் ஜமீல் சொன்ன முதல் வார்த்தை, "சபாஷ் மேடம்" என்பதுதான்.

ஆக்சிஜன் முகமூடி போட்டிருந்ததால் அவளால் பதில் பேச முடியவில்லை. எதற்கு என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாலு நாளாகத் தூங்காத கண். அந்தக் கண்ணிலும் சின்னதாக ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"எண்பத்தேழு மார்க்கு மேடம். இந்த வார்டுலயே நீங்கதான் ஃபர்ஸ்ட். தினமும் பதினோராயிரம் அடி, அதுவும் படி ஏறி எறங்கி. ஐம்பத்தோரு வயசுல யாரு இப்படி நடக்கறாங்க? உங்க நடைதான் இந்தக் கட்டிலை உங்களுக்கு வாங்கிக் குடுத்திருக்கு. எங்க அம்மாகிட்ட உங்களைப் பத்திச் சொன்னேன், நீயும் இப்படி நடம்மான்னு."

திலகவதி கண்ணை மூடிக்கொண்டாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து முதல் மார்க்கு வாங்கியே பழகியவள் அவள். இப்போது கோவையில் ஒரு கல்லூரியில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பதே அவளுடைய பிழைப்பு. மார்க்கைக் கேட்டு அவளுக்கு வெட்கமாக இருந்தது இதுதான் முதல் தடவை. ஏனென்றால் திலகவதி கடைசியாகச் சேர்ந்தாற்போல் ஆயிரம் அடி நடந்தது மருதமலைப் படியில். அதிலும் பாதியில் உட்கார்ந்து, கணவர் சண்முகசுந்தரத்தைக் கீழே அனுப்பிக் காரை எடுத்துவரச் சொன்னாள்.

பதினோராயிரம் அடியும் மாராத்தாளுடையது.

மாராத்தாள் அவள் வீட்டில் ஒன்பது வருடமாகச் சமையலும் மேல்வேலையும் பார்க்கிறவள். காலை ஏழு மணிக்கு வருவாள், நாலு மணிக்குப் போவாள். நாற்பத்தாறு வயது. ஒல்லியான உடம்பு, நடையில் எப்போதும் ஓர் ஓட்டம் இருக்கும்.

அவள் காலடிகள் திலகவதியின் கணக்கில் எப்படிச் சேர்ந்தன என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாம்பல் காய்ச்சல் முதல் முறை வந்தபோது, நகம் சாம்பல் நிறமாகி மூச்சுத் திணறியவர்களில் காசும் சிபாரிசும் உள்ளவர்கள் உள்ளே படுத்தார்கள். இல்லாதவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நாடே தலைகுனிந்தது. அதற்குப் பிறகுதான் அரசாங்கம், நல்ல எண்ணத்தோடுதான், இந்தக் காப்பைக் கொண்டுவந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிற ரப்பர் பட்டை, இலவசம். மந்திரிக்கும் அதுதான், மூட்டை தூக்குகிறவருக்கும் அதுதான். நாடித்துடிப்பு, சூடு, தூக்கம், நடை எல்லாவற்றையும் அது குறித்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதப் பதிவை வைத்து, இந்த உடம்பு இந்தக் காய்ச்சலை எவ்வளவு தாங்கும் என்று நூற்றுக்கு ஒரு மார்க்கு போடும். கட்டில் குறைவு, ஆள் அதிகம் என்றால், பிழைக்க வாய்ப்புள்ளவருக்கு முதலில் கட்டில். அறுபதுக்கு மேல் என்றால் ஆஸ்பத்திரி. கீழே என்றால் கல்யாண மண்டபத்தில் பாய் விரித்துக் காத்திருப்பு.

சம்பளத்தைக் கேட்காது, சாதியைக் கேட்காது, யாருடைய போனுக்கும் மசியாது. அடையாளம் காட்டினால் ஆளைப் பின்தொடர்வார்கள் என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் உண்டு. அதனால் கட்டியிருப்பது யாருடைய கை என்பதையும் பார்க்கக்கூடாது என்று விதி வைத்தார்கள்.

அந்த ஒரு ஓட்டை போதும் நம் ஆட்களுக்கு.

காப்பு வந்த கொஞ்ச நாளில் காப்பீட்டுக் கம்பெனிகள் பின்னாலேயே வந்தன. தினம் எட்டாயிரம் அடி நடக்கிறவர்களுக்குத் தவணையில் தள்ளுபடி என்றார்கள். திலகவதி குடியிருக்கும் ஸ்ரீ வேலன் அடுக்ககத்தில் ஒரு வாரம் எல்லோரும் புது ஷூ போட்டுக்கொண்டு நடந்தார்கள். அடுத்த வாரம் முட்டிவலி. அதற்கடுத்த வாரம் பொங்கல் விழாவில், இரண்டாம் மாடி ஆடிட்டர் சம்சாரம் கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "நாம எதுக்குங்க நடக்கோணும்? நம்ம வீட்டுல காலைல இருந்து ஒருத்தி நடந்துட்டேதான இருக்கறா? அவ கையில கட்டி உட்டாப் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். திலகவதியும் சிரித்தாள். திங்கட்கிழமை பார்த்தால், வேலைக்கு வந்த ஒவ்வொருத்தி கையிலும் இரண்டு காப்பு.

"கல்யாணப் பொண்ணாட்ட இருக்குதுங்கம்மா" என்று மாராத்தாளும் கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் திலகவதியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. இரண்டு காப்புகளில் ஒரே நாடித்துடிப்பு பதிவாகிறது, சரிபார்க்கவும் என்று. திலகவதி யோசித்தாள். அவள் புத்திசாலி. அரை நிமிடத்தில் வழி கண்டுபிடித்துவிட்டாள்.

"மாராத்தா, இங்க இருக்கற வரைக்கும் உன்றதைக் கழட்டி வெச்சுரு."

"சரிங்கம்மா."

அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, மிரட்டல் இல்லை. அன்றிலிருந்து மாராத்தாளின் காப்பு மைக்ரோவேவ் மேல், தீப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒன்பது மணி நேரம் சும்மா கிடந்தது. கழற்றி வைத்த நேரத்தையும் அது அசையாமல் படுத்திருந்த நேரமாகத்தான் குறித்துக்கொள்ளும். நாலு மணிக்கு இரண்டு பேரும் மாற்றிக்கொள்வார்கள். "இன்னைக்கு எத்தனைங்கம்மா வந்துது? மொட்டை மாடிய வேற கூட்டுனனுங்க, ஜாஸ்தியா வந்திருக்கோணும்" என்று மாராத்தாள் ஆசையாகக் கேட்பாள். திலகவதி எண்ணிக்கையைச் சொல்வாள். ஏதோ தானே ஜெயித்த மாதிரி மாராத்தாளின் முகம் மலரும்.

அப்படி ஓடிய ஆறு மாதத்தில்தான், ஆள்மாறாட்டம் செய்து பரீட்சை எழுதிய இரண்டு மாணவர்களை மூன்று வருடம் தேர்வெழுதக் கூடாதென்று திலகவதி தண்டித்தாள். ஒருவன் காலில் விழுந்தான். "அடுத்தவன் உழைப்புல மார்க்கு வாங்கறது திருட்டுத் தம்பி" என்று அவள் சொன்னாள். நியாயமாகத்தான் சொன்னாள். அன்று நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து காப்பை வாங்கிக் கட்டிக்கொண்டபோது அது நினைவுக்கு வரவில்லை.

காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்தது சண்முகசுந்தரம். ஈரோட்டில் ஒரு வரவேற்புக்குப் போய்வந்தவருக்கு இரண்டு நாள் தலைவலி, அதோடு சரி. திலகவதியும் மாராத்தாளும் ஒரே புதன்கிழமை விழுந்தார்கள். திலகவதிக்கு இருபது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. மாராத்தாள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை, டாக்டர் நகர்ந்த கொஞ்ச நேரத்தில், கட்டிலோடு இணைத்திருந்த திரையில் சண்முகசுந்தரம் வந்தார்.

"திலகா, பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ பேசாத, கேட்டுக்க. அந்த மாராத்தாளுக்கும் வந்துருச்சாமா. மண்டபத்துல வெச்சிருக்கறாங்களாம்." கொஞ்சம் தயங்கினார். "முப்பத்தெட்டு மார்க்காமா."

திலகவதி முகமூடியை விலக்கினாள். "முப்பத்தெட்டா? அவளுக்கா?"

"அதான் நானும் கேட்டேன். நல்லாத் திடமா இருந்தவதான? சரி, அதையெல்லாம் இப்ப நெனைக்காத. நீ ரெஸ்ட் எடு."

அவருக்கும் தெரியும். தினமும் நாலு மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே காப்பு கைமாறுவதைப் பார்த்தவர்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் டாக்டர் வந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள். "டாக்டர், எங்க வீட்டுல வேலை செய்யறவங்க. நல்லா ஓடியாடி வேலை செய்யறவங்கதான். முப்பத்தெட்டுன்னு வந்திருக்கு. எப்படி?"

"பேரு சொல்லுங்க." டாக்டர் கையிலிருந்த பலகையில் தேடினார். "இது சரியாத்தான் போட்டிருக்கு மேடம். ஆறு மாசமாப் பகல்ல நடமாட்டமே இல்ல. படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு வர்ற மாதிரி. சாயங்காலம் கொஞ்சம் அசைவு, அதுவும் உக்காந்த எடத்துல."

சாயங்காலம் அவள் கூலிக்குப் பனியனில் நூல் பிசிறு வெட்டுவாள். மூட்டையாக வாங்கிவந்து வீட்டு வாசலில் உட்கார்ந்து வெட்டுவாள். திலகவதிக்குத் தெரியும்.

"ராத்திரி இன்னும் மோசம். அறைச் சூடு முப்பத்தஞ்சுக்குக் கொறையவே இல்ல, தகரக் கூரையா இருக்கும். நாலு மணி நேரம் தூங்கினா அதிகம். பகல்ல உழைப்பு இல்ல, ராத்திரி தூக்கமும் இல்லன்னா, இந்த உடம்புல என்ன மிச்சமிருக்குன்னு மெஷின் நெனைக்கும்? உங்க பதிவைப் பாருங்க. பகல்ல அவ்வளவு நடை, ராத்திரி குளுகுளுன்னு எட்டு மணி நேரத் தூக்கம். இப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல."

பார்த்திருக்க முடியாது. மாராத்தாளின் பகலையும் திலகவதியின் இரவையும் சேர்த்துத் தைத்த பெண் அவள். அப்படி ஒருத்தி இந்த ஊரில் எங்குமே இல்லை. இல்லாத அவளுக்குத்தான் கட்டில் கொடுத்திருக்கிறார்கள், அதில் திலகவதி படுத்திருக்கிறாள்.

"நல்லவேளை, இது பணக்காரன் ஏழைன்னு பார்க்காது மேடம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் மாராத்தாளின் மகள் துளசிமணி கூப்பிட்டாள். இருபத்திரண்டு வயது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல். மண்டபத்துக்கு வெளியே நின்று பேசினாள். பின்னால் சத்தம் அதிகமாக இருந்தது.

"அம்மா, நல்லாருக்கறீங்களா?"

"இருக்கறேன் கண்ணு. அம்மா எப்படி இருக்கறா?"

"ஆக்சிஜன் மொறை வெச்சுக் குடுக்கறாங்க. ஆளுக்கு அர மணி நேரம். அடுத்த மொறை வர்றதுக்குள்ள ஒதடெல்லாம் நீலம் பாஞ்சு போகுதுங்க." சத்தத்திலிருந்து தள்ளி வந்தாள். "அம்மா, நான் கேக்கறது தப்புன்னா மன்னிச்சுக்குங்க. அந்தக் காப்பு விசயத்த நீங்க ஒரு வார்த்தை டாக்டர்கிட்டச் சொன்னீங்கன்னா..."

டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரா என்று திலகவதி பார்த்தாள்.

"எங்கம்மா சொல்லக் கூடாதுன்னு என்ற தலை மேல கைய வெச்சு சத்தியம் வாங்கியிருக்குது. உங்க வேலைக்கு ஆபத்தாமா. எனக்குத்தான் மனசு கேக்கலீங்க. எங்களுக்கு என்னங்க இருக்குது? நடக்கறதுல மட்டுந்தாங்க எங்கம்மா பணக்காரி. அது ஒண்ணையாவது திருப்பிக் குடுத்துருங்க."

"நான் பாத்துக்கறேன் கண்ணு. நீ தைரியமா இரு."

சொல்லிவிட்டாள். அந்த நிமிடத்தில் உண்மையாகவே பார்த்துக்கொள்வதாகத்தான் இருந்தாள். டாக்டர் வந்தவுடன் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைகூடப் போட்டுக்கொண்டாள். டாக்டர் வந்தார். அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"டாக்டர், சும்மா கேக்கறேன். யாருக்காவது பதிவு தப்பா இருந்தா, திருத்த முடியுங்களா?"

"முடியுமே. சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ஒரு மணி நேர வேலை." டாக்டர் அவள் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைச் சரிசெய்தார். "ஆனா ஒருத்தருக்கு ஏறினா இன்னொருத்தருக்கு எறங்கும் இல்லையா? அறுபதுக்குக் கீழ போனவங்க கட்டிலைக் காலி பண்ணிட்டு மண்டபத்துக்குப் போகணும். விதி அப்படி. ஏன் மேடம், யாருக்காவது அப்படி ஆயிருக்கா?"

ஆளுக்கு அரை மணி நேரம். நீலம் பாய்ந்த உதடு. திலகவதி மேலே தொங்கிய ஆக்சிஜன் குழாயைப் பார்த்தாள். அது அவளுக்கு மட்டும், இருபத்துநாலு மணி நேரமும்.

"இல்லைங்க. சும்மாத்தான் கேட்டேன்" என்றாள்.

அன்று முழுக்க நல்ல காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தன. நான் செத்தால் மாராத்தாளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இங்கிருக்கிற இருபது கட்டிலில் என்னைப்போல் எத்தனை பேரோ, நான் ஒருத்தி சொல்லி என்ன ஆகப்போகிறது? கொஞ்சம் தேறியதும் சொன்னால் போதாதா? எல்லாம் கேட்பதற்கு நன்றாக இருந்தன. அவற்றுக்கு அடியில் கிடந்தது வெறும் உயிர்ப்பயம். அது அவளுக்கும் தெரிந்தது. சனிக்கிழமை துளசிமணி மூன்று முறை கூப்பிட்டாள். திரையில் பேர் மின்னிமின்னி அணைவதைத் திலகவதி பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். மூன்றாவது முறை, தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டாள். யாருமே கவனிக்காத இடத்தில் யாருக்காக அந்த நடிப்பு என்று நினைத்தபோது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நகத்தில் நிறம் திரும்பிவிட்டது. டாக்டர் முகமூடியைக் கழற்றி, அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம் மேடம்" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு வாய் வந்தது.

"டாக்டர், அந்த மாராத்தா பதிவும் என்னோட பதிவும்... மாறிப் போச்சு."

"எது மாறிப் போச்சு?"

"காப்பு. வேலை நேரத்துல. தவறுதலா."

டாக்டர் அவளையே பார்த்தார். வெள்ளிக்கிழமை அவள் கேட்ட கேள்வி அவர் நினைவுக்கு வந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஏழுல இருந்து நாலு."

"ஆறு மாசமும் தவறுதலா?"

டாக்டர் பலகையில் தட்டினார். மண்டபத்திலிருந்த நர்ஸைக் கூப்பிட்டு, மாராத்தாளிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

"ஏனுங்கம்மா, உங்க காப்பும் உங்க வீட்டு மேடம் காப்பும் மாறினதா சொல்றாங்க. எப்படி மாறுச்சு?"

மூச்சிரைப்பு கேட்டது. பிறகு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "நாந்தானுங்க... தெரியாம... மாத்திக் கட்டிட்டேன். அம்மா மேல... ஒண்ணுமில்லீங்க."

திலகவதி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இல்லை, நான்தான் கழற்றச் சொன்னேன் என்று சொல்ல அவளுக்குப் போதுமான மூச்சு இருந்தது. ஆக்சிஜன்கூடத் தேவைப்பட்டிருக்காது. டாக்டர் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார், காத்திருந்தார், பிறகு மாராத்தாள் சொன்னதையே எழுதிக்கொண்டார்.

எண்கள் மாறின. மாராத்தாளுக்கு எழுபத்து நாலு. திலகவதிக்கு ஐம்பத்தொன்று. இனி அவளுக்கு ஐம்பத்தொன்று என்றாலும் ஒன்றுமில்லை, அவள் தேறிவிட்டாள். அன்று சாயங்காலமே அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளினார்கள். அதே கட்டிலில் விரிப்பை மாற்றினார்கள். நடைவழியில் எதிரே ஸ்ட்ரெச்சர் வந்தது. மாராத்தாளின் முகம் பாதிக்கு மேல் முகமூடிக்குள் இருந்தது. திலகவதியைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். ஒன்பது வருடப் பழக்கம். நர்ஸ் அதட்டிப் படுக்கவைத்தார்.

பக்கத்தில் நடந்துவந்த துளசிமணி திலகவதியைப் பார்க்கவே இல்லை.

மாராத்தாள் பிழைத்துக்கொண்டாள். நுரையீரலில் ஒரு பகுதி போய்விட்டது என்றார்கள். "ரெண்டு நாள் முன்னால வந்திருந்தா முழுசாக் காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் ஜமீல் துளசிமணியிடம் சொல்லியிருக்கிறார். துளசிமணி அதைச் சண்முகசுந்தரத்திடம் சொன்னாள். அவர் மனைவியிடம் சொல்லாமல் இரண்டு வாரம் வைத்திருந்து, ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாராத்தாள். லிப்டில் வேலைக்காரர்கள் ஏறக்கூடாது என்பது அடுக்ககத்தின் விதி. மூன்று மாடி ஏறி வந்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சு வர இரண்டு நிமிடம் ஆனது.

"நல்லாருக்கறீங்களாம்மா?"

"உள்ள வா மாராத்தா. உக்காரு மொதல்ல. உன்னைய யாரு இப்பவே வரச் சொன்னது?"

"எத்தன நாளைக்குங்க சும்மா இருக்கறது?"

அவள் உட்காரவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், மைக்ரோவேவ் பக்கத்தில் நின்று, பழக்கத்தில் இடது கையை முன்னால் நீட்டினாள். கை மூளியாக இருந்தது.

"உன்ற காப்பு எங்க?"

"வாங்கிட்டுப் போயிட்டாங்கம்மா. தெரியாம மாத்திக் கட்டுனது என்ற தப்புதான? ஒரு வருசத்துக்குக் கெடையாதுன்னுட்டாங்க." சொல்லிவிட்டு மாராத்தாள் சிரித்தாள். "கழட்டற வேலை மிச்சமுங்க."

காப்பு இல்லாதவர்களுக்கு மார்க்கே கிடையாது. அடுத்த அலை வந்தால் மண்டபத்தில்கூடக் கடைசிப் பாய்தான். திலகவதி தன் மணிக்கட்டிலிருந்த காப்பைப் பார்த்தாள்.

நீட்டிய கையை மாராத்தாள் தானே மெல்ல இழுத்துக்கொண்டாள். "ஆனா பாருங்கம்மா, எனக்கு இப்ப நாலடி வெச்சா மூச்சு வாங்குது. எனக்குக் கட்டுனா உங்க மார்க்கு ஏறாதுங்க." பிறகு, வெகுநேரம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்கிறவள்போல, குரலைத் தாழ்த்தினாள். "அவ மேல கோவமில்லைன்னா துளசிய வரச் சொல்லட்டுங்களா? கம்பெனிய மூடிட்டாங்க, ஊட்லதான் இருக்கறா. சின்ன வயசு. என்னய மாதிரி ரெண்டு மடங்கு நடப்பாங்க."

திலகவதி உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். கோபமில்லாமல், வற்புறுத்தல் இல்லாமல், ஒரு கணம் அவள் அதை யோசித்தாள். ஐம்பத்தொன்று என்ற மார்க்கு கண்முன்னால் வந்துபோனது. இருபத்திரண்டு வயதுக் கால்கள் படியேறி இறங்குவதும் வந்துபோனது. யோசிக்கிறாள் என்பதை மாராத்தாளும் பார்த்தாள். பார்த்து, வேலை போகாது என்று நிம்மதியானாள்.

"வேண்டாம்" என்றாள் திலகவதி. சொல்லும்போது குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "வேண்டாம் மாராத்தா."

கூடத்துக்கு வந்து போனை எடுத்தாள். காப்பு அலுவலகத்தின் படிவம் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு மாதத்தில் ஏழெட்டுத் தடவை திறந்து மூடியிருக்கிறாள். காப்பு மாறியது யாரால்? தவறுதலாகவா, தெரிந்தேவா? அவள் தன் பேரைப் போட்டாள். தெரிந்தே என்பதைத் தொட்டாள். மற்றவர் மேலுள்ள தடை நீக்கப்படும், உங்கள் காப்பு ஓராண்டுக்கு நிறுத்தப்படும், இந்தப் பதிவு நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கும் அனுப்பப்படும், சம்மதமா என்று கேட்டது.

கல்லூரியில் நாளை யார் முகத்தில் விழிப்பது? காலில் விழுந்த அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது. பேர் மறந்துவிட்டது. அவள் சம்மதம் என்பதை அழுத்தினாள். மணிக்கட்டில் காப்பு ஒருமுறை அதிர்ந்து, விளக்கு அணைந்து, வெறும் ரப்பராகியது.

டீ டம்ளரோடு வந்த மாராத்தாள் அதைப் பார்த்துவிட்டாள். டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டுப் பதறினாள். இரைப்பில் வார்த்தைகள் உடைந்தன.

"ஐயோ, காப்பு அணஞ்சு போச்சுங்களே! நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா? அன்னைக்கு டாக்டர்கிட்ட ஏதாச்சும் ஏடாகூடமாச் சொல்லிட்டனுங்களா?"

"இல்ல மாராத்தா" என்றாள் திலகவதி. தலை நிமிரவில்லை. "நீ இல்ல. நாந்தான்."